வியப்பதற்கு என்ன இருக்கிறது?

1995 கட்டலோனியா ராலியில் டொயோட்டா அணி ஏமாற்றிப் பிடிபட்ட கதையை எடுத்தாலே மோட்டார் பந்தய ரசிகர்கள் சபாஷ் போட்டுவிடுகிறார்கள். “தப்புதான், ஆனால் என்ன மூளை!” என்கிறார்கள். மோட்டார் பந்தயங்களின் சர்வதேச நிர்வாக அமைப்பான எஃப்.ஐ.ஏ.வின் அப்போதைய தலைவர் மேக்ஸ் மோஸ்லியே அந்த நுட்பத்தை வியந்து பேசியது இவர்களுக்கு வசதியாகப் போயிற்று. எனக்கு இந்தப் பாராட்டில் உடன்பாடு இல்லை.

அந்த மூளை எதற்குச் செலவானது? டர்போவுக்குள் போகும் காற்று முழுவதும் 34 மி.மீ. துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் என்னும் காற்றுக் கட்டுப்படுத்தி வழியாகத்தான் போக வேண்டும் என்பது அப்போதைய விதி. எல்லா அணிகளுக்கும் அதே அளவு. டொயோட்டாவின் செலிக்கா காரிலும் துளையின் அளவு சரியாகவே இருந்தது. ஆனால் காற்றுக்குழாயை மாட்டிக் கிளிப்பை இறுக்கும்போது, ரெஸ்ட்ரிக்டர் சுமார் 5 மி.மீ. நகர்ந்து பக்கவாட்டில் காற்றுக்கு இன்னொரு வழி திறக்கும். சோதனைக்காகக் குழாயைக் கழற்றினால், உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குகள் அதைப் பழைய இடத்துக்கே தள்ளி வழியை அடைத்துவிடும். கூடுதல் காற்று மட்டும்தான் வேண்டுமென்றால் ஒரு ஓட்டை போதும், எந்தப் பட்டறையிலும் போட்டுவிடலாம். மற்ற வேலைப்பாடு அத்தனையும் பரிசோதகரின் கண்ணைக் கட்டுவதற்காகச் செய்தது.

விதியில் இருந்த சந்தைத்தான் பயன்படுத்தினார்கள் என்பது அடுத்த வாதம். சந்தில் புகுந்தவர் விதிப்புத்தகத்தை விரித்து வைத்து வாதாடுவார். கழற்றியதும் தானாக மூடிக்கொள்ளும் பொறி அவருக்கு எதற்கு?

லாபம் சொற்பம் என்பதும் நிற்காது. 25 சதவீதம் வரை அதிகக் காற்று, ஏறக்குறைய 50 குதிரைத்திறன் என்று கணக்கிட்டார்கள். 300 குதிரைத்திறன் அளவில் ஓடிய கார்களுக்கு நடுவே அது சொற்பமா?

எல்லோரும்தான் செய்தார்கள் என்பவர்கள் இன்னொரு காரைக் காட்டட்டும். காட்டாதவரை அது நேர்மையாக ஓடியவர்கள் மீது வீசும் சேறு.

எஃப்.ஐ.ஏ. விதித்த ஓராண்டுத் தடையும் அந்தப் பருவத்தின் புள்ளிகள் முழுவதும் பறிபோனதும் அதிகம் என்று சொல்பவர்களிடம் ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்வேன்: ஓட்டுநர்களுக்கு நேர்ந்தது கொடுமை. கங்குனென், ஓரியோல், ஷ்வார்ட்ஸ் மூவருக்கும் இந்தப் பொறி பற்றித் தெரியும் என்று எஃப்.ஐ.ஏ. சொல்லவில்லை. ஆனாலும் அவர்களுடைய புள்ளிகளும் போயின. கங்குனென் அந்த ராலிக்கு வரும்போது சாம்பியன்ஷிப் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தவர். அவருக்காகக் கோபப்படுகிறவர்கள், அந்தக் கிளிப்பை இறுக்கிக் காரை அவர் கையில் கொடுத்தவர்கள் மீது கோபப்படட்டும்.