எண்ணத் தெரிந்தார், இனத்தை அறிந்திலர்!

வல்லரசுகள் மல்லுக்கு நிற்கும்பொழுது, அவற்றின் கணக்கேட்டிற் சிறிய இனங்கள் மாந்தராக எழுதப்பெறுவதில்லை. ஆடுகளத்துக் காய்களாகவே நகர்த்தப்பெறுகின்றன. இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையாலேயே மெய்ப்பித்தவர், 1961 முதல் 1968 வரை அமெரிக்கப் படைத்துறை அமைச்சராக வீற்றிருந்த இராபர்ட்டு மக்னமாரா.

அவர் கல்லாதவர் அல்லர். ஆர்வர்டில் கணக்கியல் கற்பித்தவர். இரண்டாம் உலகப்போரில் குண்டுவீச்சு வானூர்திகளின் பயன்திறனைப் புள்ளிக்கணக்கால் அளந்தவர். அவ்வூர்திகளே 1945 மார்ச்சுத் திங்களில் ஓரிரவிற்குள் தோக்கியோவில் ஏறத்தாழ ஓரிலக்கம் மக்களைக் கொன்றன. போருக்குப் பின் போர்டு உந்துவண்டி நிறுவனத்திற் புகுந்து, 1960இல் அதன் தலைவரானார். உந்துவண்டியை அளந்த கோலையே உலகின்மீதும் வைத்தார். அதுவே கேடாயிற்று.

உருசியரிடம் ஏவுகணை மிகுதி என்று 1960 தேர்தலிற் கென்னடி முழங்கினார். அமெரிக்காவுக்கு அத்தகைய குறையில்லை என்பதைப் பதவியேற்ற மறுதிங்களே மக்னமாரா செய்தியாளரிடம் கூறிவிட்டார். கூறியும் என்ன? ஓராயிரம் மினிட்மன் ஏவுகணைகளை நிறுத்தும் திட்டம் அவர் காலத்திலேயே உறுதியாயிற்று. 1967 செப்தம்பரில் சான் பிரான்சிசுகோவில் அவர் ஆற்றிய உரை இன்னும் வியப்புக்குரியது. ஒருவர் படைக்கலம் கூட்டினால் மற்றவரும் கூட்டுவர். ஈற்றில் இருவர்க்கும் அச்சமே மிஞ்சும் என்று தெளிவுற விளக்கினார். அவ்வுரையிலேயே, சீனத்தைக் கரணியங்காட்டி, ஏவுகணைத் தடுப்பரண் புதிதாக அமைக்கப்படும் என்றும் அறிவித்தார்! நோயின் வேரைக் காட்டிய கையே நஞ்சையும் ஊட்டியது.

வியத்துநாமிலோ அவர் கணக்கு முற்றும் பொய்த்தது. அப்போர் சீனத்தை அடக்கும் நெடுநோக்கிற்குத் துணையாவதாலேயே பொருளுடையது என்று 1965 நவம்பரிற் குடியரசுத் தலைவர் சான்சனுக்குக் குறிப்பெழுதினார். சீனப் பேரரசின்கீழ் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டு கிடந்தும் தன் மொழியிழவாது மீண்ட இனம் அது. 1954இல் தியன் பியன் பூவிற் பிரெஞ்சுப் படையை முறியடித்த இனம். அதனைச் சீனத்தின் கைப்பாவை என்று எண்ணலாமா? கைப்பாவை எனப்பட்ட அந்நாடே 1979இல் சீனப் படையை எதிர்த்து நின்றதே!

1963 இறுதியில் ஏறத்தாழ 16,000 ஆக இருந்த அமெரிக்கப் படை, 1967 இறுதியில் 4,80,000ஐக் கடந்தது. வெற்றியைப் பிணங்களின் தொகையால் அளந்தனர். பிணத்தை எண்ணலாம், ஓரினம் தன் மண்மேல் வைத்த பற்றை எந்த எண்சுவடி கொண்டு எண்ணுவது?

1967இலேயே அவர் நம்பிக்கை தளர்ந்தது. சான்சனுக்கு அதனை எழுதியும் காட்டினார். மக்களிடமோ வாய் திறந்தாரில்லை. 1968இல் உலக வைப்பகத் தலைமையில் அமர்ந்து 1981 வரை இருந்தார். 1995இல்தான் தாம் பெருந்தவறு இழைத்ததாக நூலெழுதினார். நாட்டின உணர்வின் ஆற்றலைக் குறைத்து மதித்ததாகவும் அதில் ஒப்பினார். காலங்கடந்தேனும் உண்மை கூறினாரே எனப் பாராட்டுவார் உளர். 58,000க்கு மேற்பட்ட அமெரிக்கரும், வியத்துநாம் அரசின் கணக்குப்படி ஏறத்தாழ முப்பது இலக்கம் வியத்துநாமியரும் மாண்ட பின்னர் வந்த உண்மை யாரை உயிர்ப்பிக்கும்?

இன்றும் வல்லரசுப் போட்டி என்னும் அதே சொல், அமெரிக்கப் படைத்துறையின் ஏடுகளில் முழங்குகின்றது. காய் நகர்த்துவோர் மாறுவர், ஆட்டம் மாறுவதில்லை. மொழியும் மண்ணும் உடைய இனங்கள் ஒன்றை உணர்க: வல்லரசின் நட்பு அரணன்று, தன்னைத் தானே உணர்ந்த இனத்தின் ஒற்றுமையே அரண்!