பூட்டிப் பொருந்தினால் போதுமா?

கனடாவில் வாழும் எம்மவர் குடும்பங்களுக்குக் கார் ஆடம்பரப் பொருளன்று. விடியுமுன் தொழிற்சாலைக்குச் செல்லும் தந்தைக்கும், இரவு வேலை முடித்து 401 நெடுஞ்சாலையில் தனியே திரும்பும் தாய்க்கும் அதுவே கால். பலரது வீட்டு வாசலில் நிற்பது, மற்றொருவர் ஓடிக் கழித்த பின்னர் வாங்கிய பழைய ரொயோற்றாவோ ஹொண்டாவோதான். அந்தக் காரினுள் பூட்டப்படும் ஒரு சிறு பொருளைப் பற்றி இவ்வாரம் எழுத விழைகின்றோம். ஒயில் பில்ரர் என எல்லோரும் அழைக்கும் எண்ணெய் வடிகட்டியே அது. இலக்கியமும் வரலாறும் கற்பித்தவர்களுக்கு இதில் என்ன வேலை எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்.

எஞ்சினுக்குள் ஓடும் எண்ணெய் உலோகத் துகள்களையும் கரியையும் தூசியையும் சுமந்துகொண்டே சுற்றுகின்றது. ஆரம்ப காலக் கார்களில் இவற்றைத் தடுக்க உருப்படியான வடிகட்டி இருக்கவில்லை. 1923இல் ஏர்னெஸ்ற் சுவீற்லண்ட் என்னும் அமெரிக்கர் உருவாக்கிய வடிகட்டியே இத்துறையில் முன்னோடி. மனிதத் தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோன். வடிகட்டி பிடிக்கவேண்டிய துகள்களோ 20, 30 மைக்கிரோன் அளவானவை. கண்ணுக்குப் புலப்படாத இத்துகள்களே பெயரிங்குகளை நாளாந்தம் அராவித் தின்பவை.

"எல்லாம் ஒண்டுதான் தம்பி, பூட்டிப் பொருந்தினால் சரி" என்று சொல்லும் பழக்கம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இக்கூற்றோடு எமக்கு உடன்பாடில்லை. இரண்டு வடிகட்டிகளின் புரி ஒன்றாகவும் றப்பர் வளையம் ஒரே அளவாகவும் இருக்கலாம். தகரத்துக்குள் இருப்பவை ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில்லை.

குளிர்காலத்தை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே 20 பாகையில் நிற்கும் காலையில் எண்ணெய் பாணிபோல் தடித்துவிடும். அது வடிதாளினூடாக எளிதிற் புகாது. அவ்வேளையில் எஞ்சின் எண்ணெயின்றி வாடாதிருக்க, மாற்றுவழி வால்வு ஒன்று திறந்து, வடியாத எண்ணெயையேனும் உள்ளே அனுப்பும். அழுக்கு எண்ணெய் தீது, எண்ணெய் இல்லாமை அதனினும் பெருந்தீது என்பதே இதன் நியாயம். இவ்வால்வு எந்த அழுத்தத்தில் திறக்கவேண்டும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபடும். ஹொண்டாவுக்குரிய வடிகட்டி பல சுபாறு எஞ்சின்களிலும் அழகாகப் பூட்டுப்படும். ஆனால் சுபாறு கேட்கும் திறப்பழுத்தம் கூடியது. சில எஞ்சின்களில் இந்த வால்வு வடிகட்டியில் இல்லாது எஞ்சின் உடலிலேயே அமைந்திருப்பதும் உண்டு.

இன்னொன்று, எண்ணெய் பின்வடியாது தடுக்கும் றப்பர் மடல். வடிகட்டி சரிந்தோ தலைகீழாகவோ பூட்டப்பட்ட கார்களில், இரவு முழுவதும் நிற்கையில் எண்ணெய் கீழிறங்கிவிடாமல் இம்மடல் காக்கின்றது. மலிவு வடிகட்டிகளில் இது பெரும்பாலும் சாதாரண றப்பர். சூட்டிலும் குளிரிலும் இறுகிவிடும். சிலிக்கோன் மடல் நெடுநாள் மென்மையாக இருக்கும். காலையில் காரை இயக்கியதும் ஓரிரு கணங்கள் கடகடவென ஒலி எழுந்து அடங்குமாயின், ஏனைய காரணங்களோடு இதையும் சந்தேகிக்க இடமுண்டு.

பொருந்தினால் போதும் என்னும் இம்மனப்பாங்கு எங்கிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 கார்களும் மொறிஸ் மைனர்களும் பல தசாப்தங்கள் ஓடின. 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில், பெற்றோல் கிடையாதபோது, சில துளி பெற்றோலில் எஞ்சினை இயக்கி மண்ணெண்ணெயில் ஓட்டிய கைகள் எம்மவருடையவை. அங்கே அது சாமர்த்தியம். உயிர் காத்த சாமர்த்தியம். அதனை இழிவாகப் பேச எமக்கு மனமில்லை. ஆயினும் சரியான பொருள் அடுத்த தெருக் கடையிலேயே கிடைக்கும் நாட்டில் அதே பழக்கத்தைத் தொடர்வது சாமர்த்தியம் ஆகாது. மண்டபம் எடுத்துச் சாமத்தியச் சடங்கு செய்யத் தயங்காதவர்கள், ஐந்து டொலர் மிச்சம் பிடிக்க எஞ்சினை அடகு வைப்பதைக் காண்கையில் வியப்பே மேலிடுகின்றது.

சரியானதைத் தெரிவது கடினமன்று. காரின் கைந்நூலில் உள்ள இலக்கத்தைப் பார்க்கவேண்டும். அது இல்லையெனில் காரின் வகை, ஆண்டு, எஞ்சின் அளவு ஆகிய மூன்றையும் உதிரிப்பாகக் கடையில் சொல்லவேண்டும். ஆண்டு மட்டும் போதாது. 2008 வரையிலான கொறோலாவில் முழுத் தகரமாகத் திருகிப் பூட்டும் வடிகட்டி. 2009இல் வந்த 1.8 லீற்றர் கொறோலாவிலோ உள்ளே வைக்கும் தாட்சுருள் மட்டும் மாற்றப்படும். அப்பெட்டியோடு வரும் புதிய றப்பர் வளையத்தை எறிந்துவிட்டுப் பழையதையே மீண்டும் போடுவோரும் உளர். அதைச் செய்யவே கூடாது.

கார் நிறுவனத்தின் பெயர் பொறித்த வடிகட்டியைத்தான் வாங்கவேண்டும் என நாம் சொல்லவரவில்லை. நெடுங்காலம் இத்தொழிலில் உள்ள வேறு நிறுவனங்களின் வடிகட்டிகளும் நல்லவையே. எத்தனை மைக்கிரோன் துகளில் எத்தனை வீதத்தைப் பிடிக்கும் எனப் பெட்டியில் எழுதியிருந்தால் அதனை வாசியுங்கள். அளவைச் சொல்லாது வீதத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருப்பின் அது விளம்பரம். அறிமுகமற்றவர் இணையத்தில் பாதி விலைக்கு விற்கும் 'அசல்' வடிகட்டியை நாம் தொடமாட்டோம்.

எம்மவர் கராஜுகளைப் பற்றியும் ஒரு சொல். "அண்ணை, என்ன பில்ரர் போடுறியள்? பெட்டியை ஒருக்காக் காட்டுங்கோ" என்று கேட்பது அவமரியாதை அல்ல. நல்ல தொழிலாளி மகிழ்ந்து காட்டுவார். பழைய வடிகட்டியைக் கழற்றும்போது அதன் றப்பர் வளையம் எஞ்சினில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடுவதுண்டு. அதைக் கவனியாது புதியதைப் பூட்டினால் இரண்டு வளையங்கள் ஒன்றன்மேலொன்றாக அமர்ந்து, பாதை நடுவில் எண்ணெய் முழுவதும் கொட்டுண்டு எஞ்சின் இறுகிப் போகலாம். ஆகவே கழற்றிய வடிகட்டியில் வளையம் இருக்கின்றதா எனப் பார்த்தல் நன்று. திருகிப் பூட்டும் புதியதன் வளையத்தில் சிறிது எண்ணெய் தடவிக் கையால் இறுக்கினாலே பெரும்பாலும் போதும். எத்தனை சுற்று என்பது பெட்டியிலேயே இருக்கும். பற்றுச்சீட்டையும் வாங்கி வையுங்கள். உத்தரவாதப் பிணக்கு வருமிடத்து அதுவே சாட்சி.

வீட்டிலேயே மாற்றுவோர் பழைய வடிகட்டியைக் குப்பைப் பையில் கட்டி எறிவதைக் காண்கின்றோம். எண்ணெய் வடியும்வரை அதனை ஓர் இரவு கவிழ்த்து வைத்து, பழைய எண்ணெயையும் மூடிய கலனில் ஊற்றி, ரொறன்ரோ நகரசபையின் வீட்டு அபாயக் கழிவு நிலையத்தில் ஒப்படைக்கலாம். அங்கு கட்டணம் அறவிடப்படுவதில்லை.