வேப்பேரியில் தமிழும் சாதியும்
லுத்தரன் மிஷன் வரலாறு குறித்து ஒரு மறுவிசாரணை

'பாதிரிமாரின் தமிழ்த் தொண்டு' என்னும் தலைப்பில் கட்டுரை வரையாத தமிழ் மாணவன் நம்மிடையே இருத்தல் அரிது. உயர்தர வகுப்பில் ஒரு முறை, பல்கலைக் கழகத்தில் மறுமுறை, சங்க மலர்களில் இன்னொரு முறை என்று இதே கட்டுரை எழுதப்பட்டு வருகின்றது. சீகன்பால்கு அச்சுயந்திரம் கொணர்ந்தார், பெப்ரீசியஸ் அகராதி தந்தார், கிரௌல் குறளை ஜேர்மன் மொழியிற் பெயர்த்தார், தமிழன்னை அகமகிழ்ந்தாள். இவ்வாறு பட்டியல் முடியக் கட்டுரையும் முடிந்துவிடும். இதற்கு மறுதலையான ஒரு கட்டுரையும் உண்டு. பாதிரிமார் யாவரும் அந்நிய ஆதிக்கத்தின் முன்னோடிப் படையினர். அவர்தம் தமிழ்ப் பற்று தூண்டிலில் மாட்டிய இரை என்பது அதன் முடிபு. முன்னையது நன்றிக் கடன் தீர்க்கின்றது. பின்னையது பழங்கணக்குத் தீர்க்கின்றது. இரண்டும் வரலாறு ஆகா.

சென்னையில் லுத்தரன் மிஷன் நடந்த வழியை எடுத்துக் கொண்டு, இவ்விரு கட்டுரைகளும் சேர்ந்தே மறைக்கும் ஓர் உண்மையை வெளிக்கொணர்தல் இக்கட்டுரையின் நோக்கமாகும். அவ்வுண்மை இது: தமிழை மிக மதித்த மிஷனே தமிழர்தம் சாதியையும் மிக மதித்தது. இவ்விரண்டும் தற்செயலாக ஒருங்கு நேர்ந்தவை அல்ல.

கொள்ளைப் பொருளாக வந்த அச்சுயந்திரம்

சென்னை மிஷனின் தாய்வீடு தரங்கம்பாடியாகும். டென்மார்க்கு மன்னனால் அனுப்பப்பட்ட ஜேர்மானியராகிய சீகன்பால்கும் புளுட்சோவும் 1706 யூலையில் அங்கு வந்திறங்கினர். 1715 இல் தமிழிற் புதிய ஏற்பாட்டின் அச்சு நிறைவுற்றது. சீகன்பால்கு 1719 இல் இறந்தபின் அங்கே பணியாற்றிய பெஞ்சமின் சூல்ட்சே, 1726 இல் சென்னைக்குப் புறப்பட்டார். 1728 இல் இலண்டனிலிருந்த கிறித்துவ அறிவு வளர்ச்சிச் சங்கத்தின் ஆதரவுடன் அங்கு மிஷன் நிலைபெற்றது. போதகர் ஜேர்மன் லுத்தரன், பணம் ஆங்கிலிக்கன், நிழல் கிழக்கிந்தியக் கம்பனியுடையது. இம்மூன்றன் கூட்டே சென்னை மிஷன்.

1742 இன் இறுதியிற் சென்னை வந்த பெப்ரீசியஸ் அரை நூற்றாண்டுக் காலம் இந்தியாவைவிட்டு நீங்காது, 1791 இற் காலமானார். அவருடைய உழைப்பை ஐயுறுவார் எவருமிலர். ஆயின் அவ்வுழைப்பு எத்தகைய தளத்தில் நிகழ்ந்தது என்பது நோக்கற்பாலது. 1746 இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது அவர் தம் சபையினருடன் ஒல்லாந்தர் வசமிருந்த பழவேற்காட்டிற்கு ஒதுங்க நேர்ந்தது. 1749 இல் நகர் மீண்டும் ஆங்கிலேயர் கைக்கு வந்தது. கத்தோலிக்கர் பிரெஞ்சுக்காரருக்கு உடந்தையாயிருந்தனர் என்ற ஐயத்தின் பேரிற் கம்பனி, ஆர்மீனிய வணிகர் பெத்துரோஸ் உஸ்கான் கட்டிய வேப்பேரிக் கோயிலை 1752 இல் லுத்தரன் போதகரிடம் ஒப்படைத்தது. ஒரு சபையின் தேவாலயம் இன்னொரு சபைக்குப் போர்ப் பரிசாயிற்று.

அச்சுயந்திரத்தின் கதையும் அதுவே. 1761 இற் புதுச்சேரி வீழ்ந்தபோது அங்கிருந்த அச்சுயந்திரமும் எழுத்துக்களும் சென்னைக்குக் கொண்டுவரப்பட்டன. அச்சிடத் தெரிந்தவர் கம்பனியிடம் இல்லாமையால், வேண்டும்போது அரசாங்க வேலையைச் செய்து கொடுக்க வேண்டும் என்னும் நிபந்தனையுடன் அவை பெப்ரீசியஸிடம் விடப்பட்டன. நம் கட்டுரைகளில் 'வேப்பேரி அச்சுக்கூடம்' எனப் போற்றப்படுவது இதுவே. 1779 இல் ஏறத்தாழ 9000 சொற்களைக் கொண்ட தமிழ் ஆங்கில அகராதி அங்கிருந்தே வெளிவந்தது. ஐரோப்பியர் அக்காலத்தில் தமிழுக்கு இட்டிருந்த 'மலபார்' என்னும் பிழைப்பெயரே அதன் தலைப்பின் முதலிலும் நின்றது.

இவற்றை எடுத்துரைப்பது அகராதியின் மதிப்பைக் குறைப்பதற்கன்று. 1897 இல் தரங்கம்பாடியிலிருந்து திருத்தி விரித்து வெளியிடப்பட்டு, 1972 இல் நான்காம் பதிப்பும் கண்ட நூல் அது. எனினும், அச்சுக்கலை தமிழருக்கு அன்பளிப்பாக வந்தது என்ற கூற்று நிலைக்காது. தமிழர் தடையின்றி அச்சுக்கூடம் வைத்து நடத்த 1835 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1761 இலிருந்து எண்ணினால் எழுபத்து நான்கு ஆண்டுகள். அவ்விடைவெளியையும் சேர்த்து எழுதுவதே வரலாறு.

பெயரிழந்த ஆசிரியர்கள்

'தொண்டு' என்னும் சொல்லில் இன்னொரு மறைப்பும் உண்டு. தொண்டர் ஐரோப்பியர், தொண்டு பெறுபவள் தமிழன்னை, இடையில் தமிழர் எவருமிலர். ஆனால் சீகன்பால்குக்குத் தமிழ் அரிச்சுவடி கற்பித்தவர் யார்? தம் மாணாக்கருடன் வந்து, அவரையும் மணலில் எழுதவைத்த முதிய திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவர். மொழிபெயர்த்து உதவியவர் அழகப்பன். தரங்கம்பாடியாருக்கு ஏடுகளை விளக்கியோருள் ஒருவர் கணபதி வாத்தியார். நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் ஏடுகளைத் தேடித் தொகுத்து 1708 இற் சீகன்பால்கு ஒரு பட்டியல் வரைந்தாரென்றால், அவ்வேடுகளைப் படித்துப் பொருள் கூறிய தமிழர் கூட்டம் ஒன்று அவரைச் சூழ இருந்தது என்பதே பொருள். வேப்பேரி அகராதியின் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் அத்தகைய ஒரு முன்ஷி இருந்திருத்தல் வேண்டும். தலைப்பேட்டில் அவர் பெயர் இல்லை.

இதனைத் தமிழ்ப் பெருமைக்காக மட்டும் கூறினேனல்லேன். இவ்வாசிரியர்கள் யார் என்ற வினாவே நம்மை அடுத்த நிலைக்கு இட்டுச் செல்கின்றது. ஏடு வைத்திருந்தோரும் ஏடு படிக்கத் தெரிந்தோரும் அன்றைய தமிழ்ச் சமூகத்திற் பெரும்பாலும் எத்தகையோர்? நிலமும் சாதியுயர்வும் உடையோர். பாதிரிமார் தமிழைக் கற்ற வாயில் அதுவே. அவ்வாயில் வழியே நுழைந்தவர் தமிழை மட்டும் பெற்றுத் திரும்பவில்லை; எது நாகரிகம், எது ஒழுக்கம், யார் மதிக்கத்தக்கவர் என்னும் மதிப்பீடுகளையும் உடன்பெற்றனர்.

இராசநாயக்கனுக்குக் கிட்டாத பட்டம்

1733 இல் தரங்கம்பாடியில் முதல் இந்தியப் புரட்டஸ்தாந்து குருவாக ஆரோன் பட்டம் பெற்றார். இது வரலாற்றுச் சிறப்புடைய நிகழ்ச்சி என்பதை எவரும் மறுக்கார். ஆரோனின் முன்னைப் பெயர் ஆறுமுகம், குலம் வேளாளர். அக்காலத்திலே தஞ்சைப் பகுதியில் இராசநாயக்கன் என்னும் உபதேசியார் ஒருவர் பணியாற்றினார். படைவீரராயிருந்து மதம் மாறியவர். தம் ஊழியத்தாற் பலரைச் சபையிற் சேர்த்தவர். அவர் பறையர் குலத்தவர். அவருக்குக் குருப்பட்டம் அளிப்பது பற்றிப் பேச்சு எழுந்தபோது, அவர் கையால் இராப்போசனம் வாங்க ஏனைய சாதியார் இசையார் என்ற அச்சம் மேலோங்கியது. 1741 இற் பட்டம் தியோகு என்பாருக்கு வழங்கப்பட்டது. இராசநாயக்கன் இறுதிவரை உபதேசியாராகவே இருந்தார்.

ஆலயத்தினுள்ளும் சாதியார் ஒருபுறமும் பறையர் மறுபுறமுமாகவே அமர்ந்தனர். இராப்போசனத்திலும் முன்பின் பேணப்பட்டது. இவ்வழக்கம் வேப்பேரிக்கும் வந்தது. இது சமயத்தைச் சார்ந்ததன்று, சமூக மரியாதையைச் சார்ந்தது எனப் போதகர்கள் சமாதானம் கூறினர். இந்தச் சமாதானத்தை நாம் நன்கு அறிவோம். நம் ஊர்களிலும் அது நெடுங்காலம் ஒலித்தது.

1833 உம் அதன் பின்னும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜேர்மன் போதகரின் வருகை அருகியது. 1820களில் வேப்பேரி மிஷன் ஆங்கிலிக்கரின் நேரடி ஆட்சிக்குட் சென்றது. 1833 இற் கல்கத்தா அத்தியட்சர் டானியல் வில்சன் சாதி வேற்றுமைகளைச் சபையினின்றும் உடனடியாக, முற்றாக ஒழிக்க வேண்டுமெனச் சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் வேப்பேரியிலும் கொந்தளிப்பு எழுந்தது. சாதிக் கிறித்தவர் பலர் சபையை விட்டு விலகினர். தஞ்சையின் பெருங் கிறித்தவக் கவிஞர் வேதநாயக சாஸ்திரியார், லுத்தரன் போதகர் சுவார்ட்சின் நிழலில் வளர்ந்தவர். அவரும் சாதியாசாரத்தின் பக்கமே நின்று எழுதினார்.

வில்சனைச் சமத்துவத்தின் தூதராகக் காட்டுவது என் கருத்தன்று. ஆளுஞ் சாதியின் அத்தியட்சர் அவர். ஆங்கிலேயர் தமக்கும் தமிழருக்குமிடையே வைத்திருந்த தூரத்தை அவருடைய சுற்றறிக்கை தொடவில்லை. ஆயினும், பின்வரிசையில் அமர்த்தப்பட்டவனுக்கு அச்சுற்றறிக்கை என்ன பொருள் தந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

விலகியோர் எங்கே சென்றனர் என்பதே இங்கு முக்கியம். 1840களில் லைப்சிக் மிஷனின் வழியே லுத்தரன் போதகர் மீண்டும் தமிழகம் வந்தனர். அப்பத்தாண்டின் இறுதியில், வேப்பேரியைத் துறந்தோருள் ஒரு பகுதியினர் அம்மிஷனைச் சார்ந்தனர். புரசைவாக்கத்து லுத்தரன் சபை வளர்ந்தது அவர்களைக் கொண்டே. சென்னை மிஷனரி மாநாடு 1850 இற் சாதிக்கு எதிராகத் தீர்மானம் இயற்றிச் சமபந்தி உண்பதையே உரைகல்லாக வைத்தபோது, ஏனைய சங்கத்தார் பெரும்பாலும் இசைந்தனர், லைப்சிக்கார் இசையவில்லை. லைப்சிக் மிஷனின் தலைவராகிய கார்ல் கிரௌல் தம் மிஷனின் நிலையை விளக்கி 1851 இற் சென்னையில் ஒரு நூலே வெளியிட்டார். சாதி ஒரு சமூக ஏற்பாடு. அதை வற்புறுத்தி உடைத்தல் தகாது. காலப்போக்கில் அது தானே கரையும் என்பது அவர் வாதம்.

அதே கிரௌல்தான் 1854 முதல் தமிழ் நூல்களைத் தொகுதி தொகுதியாக ஐரோப்பாவில் வெளியிட்டவர். 1856 இற் குறளை ஜேர்மன் மொழியில் தந்தவர். பிறப்பால் மக்கள் ஒப்பர் என்று பேசும் நூலை மொழிபெயர்த்த கையே சபையிற் பிறப்பின் வேற்றுமை பேணப்படலாம் என்றும் எழுதியது. இதனைப் போலித்தனம் என்று ஒரு சொல்லிற் கடந்து செல்லுதல் எளிது. உண்மையோ கடினமானது. கிரௌல் தமிழ்ப் பண்பாட்டை முழுமையாக மதித்தார். அம்முழுமையிற் சாதியும் அடங்கியது. அம்மதிப்பை அவர் கற்றது நம் அறிஞரிடமிருந்தே.

இரண்டு மறுப்புக்கள்

இங்கு இரண்டு மறுப்புக்கள் எழலாம். 'அவர்கள் காலத்துக்குக் கட்டுப்பட்டவர்கள்; இக்கால அளவுகோலால் அளத்தல் நியாயமா?' என்பது முதலாவது. அளவுகோல் இக்காலத்ததன்று. லைப்சிக் மிஷனைச் சேர்ந்த கார்ல் ஓக்ஸ் இவ்விடயத்தில் தம் மிஷனோடு முரண்பட்டு, 1850களின் முடிவில் விலகிப் பின்னர் டேனிஷ் மிஷனரிச் சங்கத்தோடு இணைந்தார். அவரும் லுத்தரனே, அக்காலத்தவரே. வேறு வழி கண்ணெதிரே இருந்தது. அது தேர்ந்தெடுக்கப்படவில்லை.

'தமிழ்த் தொண்டு வேறு, சாதி வேறு. இலக்கிய மாணவனுக்கு முன்னதே போதும்' என்பது இரண்டாவது. இம்மறுப்பே ஆபத்தானது. மொழியைச் சமூகத்தினின்றும் பிரித்தெடுத்துத் தூய பொருளாகப் பூசிக்கும் பழக்கம் இதிலிருந்தே பிறக்கின்றது. பெப்ரீசியஸின் விவிலிய நடை எளியோருக்கு விளங்கும் நடையெனப் போற்றப்படுகின்றது. அப்போற்றுதல் தக்கதே. ஆனால் அந்நடையிலமைந்த வேதத்தை அவ்வெளியோன் ஆலயத்தின் எப்பக்கத்திலிருந்து கேட்டான் என்று வினவாத இலக்கிய வரலாறு முழுமையானதாகாது.

நம் வீட்டுக் கணக்கு

இவ்வரலாறு கடலுக்கு அப்பாலுள்ளதெனக் கை கழுவவும் இயலாது. யாழ்ப்பாணத்திற் பேர்சிவலும் ஆறுமுக நாவலரும் உழைத்துருவாக்கிய விவிலிய மொழிபெயர்ப்பு 1850 இற் சென்னையில் அச்சேறியது. பெப்ரீசியஸின் மொழிபெயர்ப்பிற் பழகிய தமிழகச் சபைகள் அதனை ஏற்கவில்லை. லுத்தரன் சபையினர் அதன் பின்னரும் நெடுங்காலம் தம் பழைய நூலையே பற்றிநின்றனர். இந்நிகழ்ச்சியைக் கூறும்போதெல்லாம் நாம் நாவலரின் நடைச்சிறப்பைக் கூறி மகிழ்கிறோம். அவரும் சாதியாசாரத்தைப் பேணியவர் என்பதை அடக்கி வாசிக்கிறோம். பாதிரியாயினும் சைவராயினும், தமிழை வளர்த்தார் என்றதும் ஏனைய வினாக்கள் நம் வாயில் அடங்கிவிடுகின்றன. தமிழ் என்னும் சொல்லை நாம் ஒரு பாவமன்னிப்புச் சீட்டாக மாற்றிவிட்டோம். அத்தகைய சீட்டுக்களை எதிர்த்தே மார்ட்டின் லூதர் 1517 இற் போர் தொடங்கினார் என்பதை லுத்தரன் மிஷனின் புகழ்பாடுவோராவது எண்ணிப் பார்ப்பாராக.

பெப்ரீசியஸின் அகராதியை நாம் தொடர்ந்து பயன்படுத்துவோம், கிரௌலின் உழைப்பை மதிப்போம், நன்றியும் கூறுவோம். ஆனால் அடுத்த முறை 'பாதிரிமாரின் தமிழ்த் தொண்டு' என்று தலைப்பிட்டு எழுதுகோலை எடுக்கும் மாணவன் மூன்று வினாக்களை முதலில் எழுதிக் கொள்வானாக. அச்சுயந்திரம் எவரிடமிருந்து பறிக்கப்பட்டது? சொற்களைச் சொல்லிக் கொடுத்தவன் பெயர் எங்கே? இராசநாயக்கன் ஏன் குருவாகவில்லை? இவற்றுக்கு விடை காணாது எழுதப்படும் கட்டுரை பரீட்சையிற் புள்ளி பெறலாம். தமிழுக்கோ தமிழருக்கோ அது தொண்டாகாது.