ஐம்பத்தாறு நாட்கள்

1999 பிப்ரவரியில், அமெரிக்காவின் தேசியப் புற்றுநோய்க் கழகம், ஐந்து பெரும் பரிசோதனைகளின் முடிவுகள் ஒரே திசையைச் சுட்டக் கண்டு, கர்ப்பப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சுப் பெறும் பெண்களுக்குச் சிஸ்பிளாட்டின் மருந்தையும் உடன் சேர்ப்பது குறித்துத் தீர யோசிக்குமாறு வைத்தியர்களுக்கு அவசர அறிக்கை விடுத்தது. அதன்பின் நிலைபெற்ற சிகிச்சை விதி இது: ஏறத்தாழ ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர்வீச்சு, வாரம் ஒருமுறை மருந்து, பிறகு கர்ப்பப்பைக்குள் கருவியைச் செலுத்தி அளிக்கும் உள்கதிர்வீச்சு, அத்தனையும் 56 நாட்களுக்குள் முடிய வேண்டும். இந்தக் கெடு வெறும் சம்பிரதாயமன்று. கதிருக்குத் தப்பிய உயிரணுக்கள் அவகாசம் கிடைத்தால் மீண்டும் பெருகிவிடும்.

இவ்விதி எந்த அளவுக்கு அனுஷ்டிக்கப்படுகிறது என்று ஆராயப் புகுவோர் பெரும்பாலும் வைத்தியர் எழுதிய சீட்டைப் பார்க்கிறார்களேயன்றி நாட்காட்டியைப் பார்ப்பதில்லை. நம் கிராமத்துப் பெண்கள் 'கரண்ட் வைப்பது' என்று சொல்லும் அந்தச் சிகிச்சைக்கு வாரத்தில் ஐந்து நாள் வர வேண்டும். அன்றாடக் கூலி போகும். இயந்திரம் பழுதானால் நாள் தள்ளும். இரத்தசோகை மிகுந்தால் இரத்தம் ஏற்றும் வரை காத்திருக்க நேரும். இவையெல்லாவற்றிலும் விபரீதமானது, சிகிச்சை பலிக்கத் தொடங்குவதே தடையாகிவிடுவதுதான்: சில வாரங்களில் உதிரப்போக்கு நின்றுவிட, வியாதி தீர்ந்ததென்று நம்பி, உள்கதிர்வீச்சு பாக்கியிருக்கையிலேயே நோயாளி ஊர் திரும்பிவிடுகிறாள். மருந்து, கதிர், அளவு ஆகிய யாவும் சரியாக எழுதப்பட்டிருந்தும் விதி அங்கே முறிந்துபோகிறது.

இது தரித்திரத்தின் விளைவு மட்டுமே என்றும் சொல்வதற்கில்லை. செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலேயே, பதிவேடுகளை ஆராய்ந்த ஓர் ஆய்வின்படி, உள்கதிர்வீச்சுப் பெற்றவர்கள் 1988இல் நூற்றுக்கு 83 பேராக இருந்து 2009இல் 58 பேராகக் குறைந்தனர். வெளியிலிருந்தே நுட்பமாகக் கதிர் பாய்ச்சும் புதிய யந்திரங்களின் மோகம் இதற்கு ஒரு காரணமோ என்று நான் ஐயுறுகிறேன்.

ஆயினும், விதியினின்று விலகியதெல்லாம் குற்றமாகாது. கட்டி சிறுநீர்க் குழாயை அழுத்திச் சிறுநீரகம் நலிந்துபோன ஒருத்திக்குச் சிஸ்பிளாட்டினை நிறுத்தி வைக்கும் வைத்தியர் விவேகியே. அந்த மருந்து சிறுநீரகத்தையே தாக்கும் சுபாவமுடையது. அவரையும், நோயாளியைத் தேடி ஆளனுப்பாத ஆஸ்பத்திரியையும் ஒரே கணக்கில் அடைக்கும் விதிமீறல் சதவீதத்தால் பிரயோஜனம் என்ன? மருத்துவமனையின் வசதிக்கேற்பச் சிகிச்சையை நான்கு படிகளாக வகுத்து, அமெரிக்க மருத்துவப் புற்றுநோயியல் சங்கம் 2016இல் இந்நோய்க்கு வழிகாட்டி வெளியிட்டது. 2012இல் தோன்றிய நம் தேசியப் புற்றுநோய்க் கட்டமைப்பும் இந்நாட்டு மருத்துவமனைகளுக்கான வழிகாட்டிகளை வகுத்திருக்கிறது. விதிகளுக்கு இனிப் பஞ்சமில்லை. நான் வேண்டுவது, ஒவ்வொரு கோப்பிலும் சிகிச்சை முடிந்த தேதியும், அது 56 நாளைக் கடந்திருந்தால் அதற்கான காரணமும் எழுதப்பட வேண்டும் என்பதே. இப்போது அந்த இடத்தில் 'நோயாளி வரவில்லை' என்ற இரண்டு சொற்களோடு நிறுத்திவிடுகிறார்கள். பஸ் கட்டணமா, அறுவடைக் காலமா, உதிரம் நின்ற சந்தோஷமா என்று கேட்டு எழுதியவர் அரிது.