இல்லறச் சிந்தனை: திரை ஒன்று, தேவை இரண்டு

1972-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மேக்னவாக்ஸ் ஒடிஸி என்னும் விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தபோது, அதற்கெனத் தனித் திரை தரப்படவில்லை. வீட்டிலிருந்த தொலைக்காட்சிப் பெட்டியே அதற்குத் திரையாயிற்று. 1982-இல் பிரிட்டனில் வெளிவந்த ஸ்பெக்ட்ரம் என்னும் சிறு கணினியும் அவ்வாறே தொலைக்காட்சியோடு இணைக்கப்பட்டது. செய்தி பார்க்க விரும்பியவரும் விளையாட விரும்பியவரும் ஒரே பெட்டிக்காகக் காத்திருந்தனர். கருவிகள் மாறிவிட்டன; அப்பழைய சிக்கல் மட்டும் இன்று நம் இல்லத்து மேசைக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

தந்தை வீட்டிலிருந்தே அலுவலகப் பணி புரிகிறார். மகள் அதே கணினியில் கல்லூரிப் பாடம் பயில்கிறாள். இளைய மகனோ பிளேஸ்டேஷன் கருவியை எங்கே இணைப்பது என்று கேட்கிறான். உடனே இன்னொரு மானிட்டர் வாங்கப் புறப்படுவது செலவு. இருப்பதையே பகிர்ந்துகொள்ள வழியுண்டா என்று முதலில் ஆராய்வோம்.

மானிட்டரின் பின்புறத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அங்கே பெரும்பாலும் எச்.டி.எம்.ஐ., டிஸ்பிளேபோர்ட் என்னும் இருவகைத் துளைகள் இருக்கும். பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் போன்ற விளையாட்டுக் கருவிகள் எச்.டி.எம்.ஐ. வழியாகவே படத்தை அனுப்பும். ஆகவே அத்துளையை அவற்றுக்கு விட்டுவிட்டு, கணினியில் வசதி இருப்பின் அதை டிஸ்பிளேபோர்ட்டில் இணைப்பதே நன்று. பின்னர் மானிட்டரிலுள்ள பொத்தானை அழுத்தி, வேண்டிய இணைப்பைத் தெரிந்தெடுக்கலாம். கேபிள் தவிர வேறு செலவில்லை.

எச்.டி.எம்.ஐ. துளை ஒன்றே இருந்து, இரு கருவிகளுக்கும் அதுவே தேவையானால், ஸ்விட்ச் என்னும் சிறு பெட்டி வாங்க வேண்டும். இங்கே எச்சரிக்கை தேவை. கடையில் ஸ்பிளிட்டர் என்று வேறொரு பெட்டியும் அதே தோற்றத்தில் இருக்கும். ஸ்விட்ச் பல கருவிகளுள் ஒன்றைத் தெரிந்தெடுத்து ஒரு திரைக்கு அனுப்புவது. ஸ்பிளிட்டர் ஒரு கருவியின் படத்தைப் பல திரைகளுக்குப் பிரித்தளிப்பது. மாற்றி வாங்கினால் பணம் வீண். விசைப்பலகையையும் மவுஸையும் சேர்த்து மாற்றித் தரும் கே.வி.எம். பெட்டி இரு கணினிகள் உள்ள இல்லத்துக்கே பயன்படும். விளையாட்டுக் கருவிக்குத் தனிக் கைப்பிடி இருப்பதால் இங்கு அது வேண்டியதில்லை.

மேசையில் இரண்டு மானிட்டர்கள் இருப்பின், ஒன்றை மட்டும் விளையாட்டுக்குத் திருப்பலாம். ஆனால் அத்திரை தன்னிடமே இருப்பதாகக் கணினி எண்ணிக்கொண்டிருக்கலாம். அப்போது திறந்துவைத்த பக்கங்கள் சில கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தங்கிவிடும். விண்டோஸ் கணினியாயின், விண்டோஸ் விசையையும் 'பி' விசையையும் சேர்த்து அழுத்தி, ஒரு திரை போதும் என்று தெரிவித்தால் எல்லாம் முதல் திரைக்கு வந்துவிடும்.

கம்பியைப் பற்றிய செய்தி இவ்வளவே. குடும்பத்துக்கு முக்கியமானது வேறொன்று. தானியங்கி ஸ்விட்ச் பெட்டிகள் பல, புதிதாக இயக்கப்பட்ட கருவிக்கே திரையைக் கொடுத்துவிடும் இயல்புடையவை. அக்காள் கணினி வழியே தேர்வு எழுதிக்கொண்டிருக்கையில், தம்பி விளையாட்டுக் கருவியை இயக்கினால், வினாத்தாள் மறைந்து விளையாட்டு தோன்றும். அவன் வேண்டுமென்று செய்திருக்க மாட்டான். ஆயினும் அந்த நொடியில் அவளுக்கு நேரும் பதற்றமும் பின்னர் எழும் சண்டையும் உண்மையானவை. எனவே கையால் மாற்றும் பொத்தானுள்ள பெட்டியையே தேர்ந்துகொள்வோம். மானிட்டரில் தானாக இணைப்பு மாறும் அமைப்பு இருப்பின், அதையும் நிறுத்திவைப்போம்.

இனி, அப்பொத்தானை யார், எப்போது அழுத்துவது? இதற்குக் கடையில் கருவி இல்லை. குடும்பமாக அமர்ந்து பேசி, நேரத்தை வகுத்து, ஒரு தாளில் எழுதி மேசையருகே ஒட்டிவைப்பதே வழி. தேர்வுக்கும் பணிக்கும் முதலிடம் தருவது முறையே. ஆனால் நம்மில் பெரியவர்கள் வேலை என்னும் பெயரால் இளையவரின் நேரத்தையும் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்வதுண்டு. மாலை ஆறு மணி முதல் ஏழு மணி வரை உனக்கு என்று மகனிடம் சொல்லியிருந்தால், ஆறு மணிக்குத் தந்தை எழுந்துவிட வேண்டும். அவ்வாறு எழும் தந்தையைக் கண்ட பிள்ளை, ஏழு மணிக்குத் தானும் முணுமுணுக்காமல் எழக் கற்றுக்கொள்வான். சொன்ன சொல்லைப் பெரியவர் காக்கும் இல்லத்தில் ஒரு திரையே போதும்.