டிப்ளோமாவுக்குப் பிறகு மலாயா பல்கலைக்கழகம்: வாய்ப்பு எவ்வளவு?

கோல சிலாங்கூர் வட்டாரத் தோட்டம் ஒன்றில் கோயில் திருவிழாச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். அன்னதானப் பந்தலில் ஒரு மாணவி பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "அக்கா, நீங்க பேப்பர்ல எழுதுறவங்கதானே? போலிடெக்னிக்லேர்ந்து மலாயா பல்கலைக்கழகத்துக்கு மாத்திக்கிட்டுப் போக முடியுமா?"

அவருக்கு வயது 20. சிலாங்கூரில் உள்ள ஒரு போலிடெக்னிக்கில் மின்னியல் பொறியியல் டிப்ளோமா படிக்கிறார். நான்கு பருவம் முடிந்துவிட்டது; சிஜிபிஏ 3.42. அப்பா செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறார். அம்மாவுக்குக் கையுறைத் தொழிற்சாலையில் வேலை. "அவ நல்லாத்தாம்மா படிக்கிறா. ஆனா யாரைக் கேக்குறதுன்னுதான் தெரியல" என்றார் அம்மா.

முடியும், முடியாது என்று ஒரு வரியில் சொல்லிவிடக்கூடிய கேள்வி அல்ல அது. இதே கேள்வியோடு பல வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதால், அன்று அவருக்குச் சொன்னதையும் பிறகு விசாரித்து அறிந்ததையும் இங்கே எழுதுகிறேன்.

'மாற்றம்' அல்ல, புதிய விண்ணப்பம்

அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் ஈராண்டு படித்துவிட்டு இன்னொரு பல்கலைக்கழகத்துக்கு மாறுவது வழக்கமான ஒன்று. நம் நாட்டு அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் அது பொதுவான வழி அல்ல. டிப்ளோமாவை முழுமையாக முடித்து, யுபியு வழியாகப் பட்டப்படிப்புக்குப் புதிதாக விண்ணப்பிப்பதே முறை. பாதியில் விட்டால் கையில் மிஞ்சுவது எஸ்பிஎம் சான்றிதழ் மட்டுமே. ஆகவே இந்த மாணவிக்கு நான் முதலில் சொன்னது, "எக்காரணம் கொண்டும் டிப்ளோமாவைப் பாதியில் விடாதே."

முதல் சல்லடை: தகுதி

பொது நிபந்தனைகள் கடினமானவை அல்ல. எஸ்பிஎம்மில் மலாய் மொழியில் கிரெடிட், வரலாற்றில் தேர்ச்சி, டிப்ளோமாவில் குறைந்தது 2.00 சிஜிபிஏ, முயெட் ஆங்கிலத் தேர்வு முடிவு ஆகியவை வேண்டும். அதன் மேல் ஒவ்வொரு படிப்புக்கும் சிறப்பு நிபந்தனை உண்டு. பொறியியல் துறைகள் பெரும்பாலும் 2.00-ஐவிடக் கூடுதலான சிஜிபிஏ கேட்கும்; டிப்ளோமா தொடர்புடைய துறையில் இருக்க வேண்டும் என்றும் சொல்லும். கணிதம், இயற்பியலில் எஸ்பிஎம் நிலையில் என்ன வேண்டும் என்பதையும் பார்க்க வேண்டும்.

நம் மாணவி முயெட் இன்னும் எழுதவில்லை. "டிப்ளோமா முடிச்சப்புறம் எழுதலாம்னு இருந்தேன் அக்கா." இது ஓராண்டையே விழுங்கிவிடக்கூடிய தவறு. முயெட் ஆண்டுக்கு மூன்று முறை நடக்கிறது. முடிவு யுபியு விண்ணப்பக் காலத்துக்குள் கையில் இருக்க வேண்டும். சிஜிபிஏ எவ்வளவு நன்றாக இருந்தாலும், முயெட் இல்லாத விண்ணப்பம் முதல் சல்லடையிலேயே நின்றுவிடும்.

இரண்டாம் சல்லடை: போட்டி

தகுதி பெறுவது வேறு, இடம் பெறுவது வேறு. நாட்டில் 20 அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் உள்ளன. அவற்றில் யுஐடிஎம்மின் பட்டப்படிப்புகள் பூமிபுத்ரா மாணவர்களுக்கானவை. மீதமுள்ளவற்றில் மலாயா பல்கலைக்கழகம், யுஎஸ்எம், யுகேஎம், யுபிஎம், யுடிஎம் ஆகிய ஐந்தும் ஆய்வுப் பல்கலைக்கழகங்கள். எல்லார் கண்ணும் இவற்றின் மேல்தான்.

அங்கே டிப்ளோமா மாணவர்கள் மெட்ரிகுலேஷன், எஸ்டிபிஎம், அடிப்படைக் கல்வி மாணவர்களோடு சேர்ந்து வரிசையில் நிற்கிறார்கள். மெட்ரிகுலேஷன் இடங்களில் 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு என்ற ஒதுக்கீடு 2019-இல் மொத்த இடங்கள் 25,000-இலிருந்து 40,000-ஆக உயர்த்தப்பட்டபோதும் மாறவில்லை. 2024-இல், எஸ்பிஎம்மில் 10ஏ-வும் அதற்கு மேலும் பெற்ற எல்லா இன மாணவர்களுக்கும் மெட்ரிகுலேஷன் இடம் உண்டு என்று பிரதமர் டத்தோஸ்ரீ அன்வார் இப்ராஹிம் அறிவித்தார். மிகச் சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு அது நல்ல செய்தி. நான்கு, ஐந்து ஏ எடுத்த தோட்டத்துப் பிள்ளைகளுக்கு எஸ்டிபிஎம்மும் டிப்ளோமாவும்தான் இன்னமும் முக்கிய வாசல்.

முழுப் புள்ளியும் உத்தரவாதம் அல்ல. 2025-இல் எஸ்டிபிஎம்மில் 4.00 எடுத்த மாணவர் ஒருவருக்கு மலாயா பல்கலைக்கழகத்தில் அவர் விரும்பிய கணக்கியல் கிடைக்காமல் போய், அது நாடு முழுதும் பேசப்பட்டது. அவருக்கு வேறொரு பல்கலைக்கழகத்தில் வேறொரு துறையே வழங்கப்பட்டது. 4.00-க்கே இந்த நிலை என்றால் 3.42-ஐ எங்கே வைப்பது?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

அன்னதான இலையை மடித்துவிட்டு, என் குறிப்பேட்டில் கணக்குப் போட்டோம். ஆறு பருவத்துக்கும் கிரெடிட் ஏறக்குறைய சமம் என்று வைத்துக்கொள்வோம். மீதம் இரண்டு பருவம். இரண்டிலும் 4.00 எடுத்தாலும் இறுதி சிஜிபிஏ 3.61-ஐத் தாண்டாது. 3.50-ஐத் தொட வேண்டுமானால் இரண்டிலும் சராசரி 3.66 வேண்டும். 3.75 இனி எட்டாது.

கேட்டதும் அந்தப் பெண்ணின் முகம் வாடிவிட்டது. ஆனால் இந்தக் கணக்கு முதல் பருவத்திலேயே யாராவது சொல்லியிருக்க வேண்டியது. சிஜிபிஏ என்பது கடைசியில் முட்டிமோதி ஏற்றிவிடக்கூடியது அல்ல. முதல் பருவத்தில் 2.90 வாங்கினால், அதன் சுமை ஆறாம் பருவம் வரை கூடவே வரும்.

என் கணிப்பு இதுதான். மலாயா பல்கலைக்கழக மின்னியல் பொறியியலுக்கு அவருடைய வாய்ப்பு குறைவு; இல்லவே இல்லை என்று சொல்லமாட்டேன். யுடிஎம் போன்ற மற்ற ஆய்வுப் பல்கலைக்கழகங்களில், 3.50-ஐத் தாண்டினால், முயன்று பார்க்கும் அளவுக்கு வாய்ப்பு உண்டு. பத்து பகாட்டில் உள்ள யுடிஎச்எம், மலாக்காவின் யுடிஇஎம், பெர்லிஸின் யுனிமேப், பகாங்கின் யுஎம்பிஎஸ்ஏ ஆகிய நான்கு தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் அவர் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. போலிடெக்னிக் மாணவர்களின் பின்புலத்தை நன்கு அறிந்த இடங்கள் இவை.

விண்ணப்பத்தில் தெரிவுகளை வரிசைப்படுத்தும்போது இந்த மூன்று நிலையும் இருக்க வேண்டும். எல்லாத் தெரிவையும் கோலாலம்பூரைச் சுற்றியே போட்டுவிட்டு, "எங்க பிள்ளைக்கு எதுவுமே கிடைக்கல" என்று மனம் உடைவதில் பயன் இல்லை.

பெயரைக் கவனியுங்கள்

அப்பா ஒன்று கேட்டார். "படிச்சு முடிச்சா இஞ்சினியர்தானே?" நியாயமான கேள்வி. 'பொறியியல்' இளங்கலையும் 'பொறியியல் தொழில்நுட்பம்' இளங்கலையும் பெயரில் நெருக்கமானவை, முடிவில் வேறுபட்டவை. அங்கீகாரம் பெற்ற முதல் வகைப் பட்டம் பொறியியலாளர் வாரியத்தில் பட்டதாரிப் பொறியியலாளராகப் பதிய வழிவிடும். இரண்டாவது, 2015-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தொழில்நுட்பவியலாளர் வாரியத்தின் பாதைக்குப் பொருந்தும். இரண்டிலும் வேலை உண்டு. ஆனால் எதில் சேருகிறோம் என்று தெரிந்தே சேர வேண்டும்.

மூன்று ஆண்டுப் படிப்பு வீணா?

வீணாகாது, ஆனால் முழுதும் கழியாது. மலேசியத் தகுதிகள் முகவாண்மையான எம்கியூஏவின் பொது விதிப்படி, டிப்ளோமாவிலிருந்து பட்டப்படிப்புக்கு மாற்றக்கூடிய கிரெடிட், புதிய படிப்பின் மொத்தத்தில் 30 விழுக்காடு வரைதான். அந்தப் பாடத்தில் குறைந்தது 'சி' எடுத்திருக்க வேண்டும். பாடத்திட்டம் 80 விழுக்காடு ஒத்துப்போக வேண்டும். பட்டப்படிப்பு 120 கிரெடிட் என்றால் 36; 135 என்றால் 40. ஏறத்தாழ ஓராண்டு மிச்சமாகலாம். இறுதி முடிவு சேர்க்கும் பல்கலைக்கழகத்தின் கையில்.

இந்த எண்ணை நினைவில் வைத்திருந்தால் ஏமாற மாட்டோம். "நேராக மூன்றாம் ஆண்டிலேயே சேர்த்துக்கொள்கிறோம்" என்று கைப்பேசியில் அழைக்கும் முகவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள். எத்தனை கிரெடிட் கழிப்பீர்கள் என்று எழுத்தில் தருவீர்களா? இந்தப் படிப்பு எம்கியூஏ பதிவேட்டில் இருக்கிறதா? பொறியியல் என்றால் பொறியியலாளர் வாரியத்தின் அங்கீகாரம் உண்டா? பதில் வராவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்.

தனியார் பல்கலைக்கழகம் தவறான வழி என்று நான் சொல்லவில்லை. ஆனால் அரசு மானியத்தோடு படிப்பதற்கும் பிடிபிடிஎன் கடனோடு தனியாரில் படிப்பதற்கும் இடையே உள்ள வித்தியாசத்தைப் பட்டதாரியாகும் பிள்ளை பல ஆண்டுகள் சம்பளத்திலிருந்து கட்ட வேண்டும். யுபியு முடிவு வரும் முன்பே பதற்றத்தில் முன்பணம் கட்டிவிடும் குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். மேல்முறையீட்டுக் காலம் என்று ஒன்று இருக்கிறது. அதுவரை பொறுத்துப் பாருங்கள்.

நாம் விட்டுவிட்ட இடம்

நம் அமைப்புகள் எஸ்பிஎம் முடிவு வந்ததும் வழிகாட்டிக் கூட்டம் நடத்துகின்றன. அது நல்ல பணி. ஆனால் டிப்ளோமாவில் சேர்ந்த பிள்ளை அதன் பிறகு நம் பார்வையிலிருந்து மறைந்துவிடுகிறது. மூன்றாவது, நான்காவது பருவத்தில் இருக்கும் பிள்ளைகளை அழைத்து, சிஜிபிஏ கணக்கையும் முயெட் தேதியையும் சொல்லித்தர ஒரு சனிக்கிழமைக் காலை போதும். கோயில் மண்டபமோ தமிழ்ப்பள்ளி வகுப்பறையோ அதற்கு இடம் தரும்.

அந்த மாணவி போன வாரம் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தார். முயெட்டுக்குப் பதிந்துவிட்டாராம். ஐந்தாம் பருவத்துக்கு 3.70 என்று இலக்கு வைத்திருக்கிறாராம். "மலாயாவை லிஸ்ட்ல போடுறேன் அக்கா, ஆனா பத்து பகாட்டையும் போடுறேன்" என்று முடித்திருந்தார்.