முதல் போத்தலும் பழகிய நாக்கும்

சில காலத்துக்கு முன் ஹட்டனுக்குச் சென்றிருந்தபோது, எனக்கு நெடுநாள் பழக்கமான ஒரு தோட்டக் குடும்பத்தின் இளைஞர் கையில் ஒரு போத்தலோடு வந்து நின்றார். வெளிநாட்டில் தொழில் செய்பவர். விடுமுறையில் வரும் வழியில் கட்டுநாயக்க விமான நிலையத்தின் தீர்வையற்ற கடையில் வாங்கிய சிவப்பு வைன் அது. "ஐயா, இதை எப்படிக் குடிக்கிறது? சாராயத்துக்குப் போல சோடா ஊத்தலாமா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்புக்குள் ஒரு கூச்சமும் இருந்தது. உடன் வேலை செய்பவர்களின் விருந்தொன்றில் குவளையைப் பிடிக்கத் தெரியாமல் ஒதுங்கி நின்றாராம். "நமக்கெல்லாம் அது வராது" என்றார்.

"தம்பி, வராது என்று யார் சொன்னது? உங்கள் நாக்குக்கு இது ஏற்கெனவே தெரியும்" என்றேன். அன்று அவரிடம் சொன்னதைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன். குடிப்பழக்கம் இல்லாத வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். இதில் பாதி தேநீரைப் பற்றியது.

சிவப்பு வைனை முதன்முதலாகக் குடிப்பவரைத் திடுக்கிட வைப்பது அதன் துவர்ப்பு. நாக்கும் ஈறுகளும் வறண்டு இழுபடுவதுபோல் இருக்கும். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருள் உமிழ்நீரின் புரதத்தோடு பிணைவதால் ஏற்படும் உணர்வு இது. சாயத்தை அதிக நேரம் ஊறவிட்ட பிளேன்டீயிலும் இதே உணர்வு உண்டு. தேயிலையிலும் அதே இனப் பொருள்கள் இருக்கின்றன. பாலூற்றியதும் தேநீர் மிருதுவாவது, பாலின் புரதம் அவற்றைப் பிடித்துக்கொள்வதால்தான். சிவப்பு வைனோடு இறைச்சியையும் பாற்கட்டியையும் வைப்பதற்கும் அதுவே காரணம். துவர்ப்பை அறுசுவையில் ஒன்றாக எண்ணி, நெல்லிக்காயிலும் வாழைப்பூவிலும் பாக்கிலும் அதைத் தேடி உண்டவர்கள் நாம். அந்தச் சுவையைக் கண்டு நாம் மிரள வேண்டியதில்லை.

அடுத்தது சூடு. சிவப்பு வைனை அறை வெப்பநிலையில் பருக வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அந்த அறை ஐரோப்பாவின் பழைய கல்வீட்டு அறை. கொழும்பிலோ சென்னையிலோ உள்ள அறை அல்ல. உகந்த அளவு ஏறத்தாழ 15 முதல் 18 பாகை செல்சியஸ். 30 பாகையில் மதுவின் காரம் மட்டுமே மூக்கில் ஏறும். ஆகவே சமவெளியில் இருப்பவர்கள் பருகுவதற்கு முன் போத்தலை அரை மணி நேரம் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது நல்லது. நுவரெலியாவில் அந்தச் சிரமம் இல்லை. ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள அந்த ஊரின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே ஏறத்தாழ 16 பாகைதான்!

முதல் போத்தலுக்கு மெர்லோ, பினோ நுவார் போன்ற மென்மையான வகைகள் ஏற்றவை. கபர்னே சோவிஞ்ஞோன் போன்ற கடும் துவர்ப்புள்ளவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். விலை உயர்ந்தது தேவையில்லை. வாய் சற்றுக் குறுகிய கண்ணாடிக் குவளையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றி, மெதுவாகச் சுழற்றி, முதலில் மணத்தை நுகருங்கள். பிறகு சிறிதளவு வாயில் எடுத்து, நாக்கு முழுவதும் பரவவிட்டு விழுங்குங்கள். நாம் சுவை என்று சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. உறைப்பான கறி வேண்டாம்; மிளகாயின் எரிவை மதுவும் துவர்ப்பும் கூட்டிவிடும். மிளகு மட்டும் தூவி வறுத்த ஆட்டிறைச்சியும் அவித்த நுவரெலியா உருளைக்கிழங்கும் போதும்.

இதெல்லாம் மேட்டுக்குடியின் பாவனை என்று நினைப்பவர்கள், ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் சுவை பார்க்கும் அறையை எட்டிப் பார்க்க வேண்டும். 100 மில்லி லீற்றர் கொதிநீருக்கு 2 கிராம் தேயிலை, ஆறு நிமிடம் என்பது சர்வதேச அளவு. வரிசையாக வைத்த வெள்ளைக் கிண்ணங்களிலிருந்து கரண்டியால் எடுத்து, சத்தமெழ உறிஞ்சி, வாயில் சுழற்றித் துப்புவார்கள். வைன் சோதகர்கள் செய்வதும் இதைத்தான். அந்த அறைக்கு வெளியே கூடை கூடையாகக் கொழுந்து கொண்டுவந்து கொட்டுபவர்களுக்கு அதனுள்ளே வேலை இருந்ததில்லை. அவர்கள் லயத்தில் குடிப்பது பெரும்பாலும் மலிவான தூள். நம் மக்களிடம் குறையாக இருந்தது நாக்கு அல்ல, அவகாசம். காலைப் பெரட்டுக்கு ஓடுகிறவர் எந்த நேரத்தில் மணம் பிடித்துப் பார்ப்பார்?

மதுவும் அப்படித்தான் மலையகத்துக்கு வந்து சேர்ந்தது, சுவைப்பதற்காக அல்ல, மறப்பதற்காக. சம்பள நாளில் தவறணையில் நின்றபடியே கவிழ்க்கும் சாராயமும், மறைவில் காய்ச்சும் கசிப்பும் எத்தனை லயங்களில் அடுப்பை அணைத்தன என்பதை எழுதி எழுதி என் பேனா தேய்ந்திருக்கிறது. ஆகவே இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். மதுவில் முற்றிலும் பாதுகாப்பான அளவு என்று ஒன்றில்லை என உலக சுகாதார அமைப்பு 2023இல் அறிவித்தது. வைனும் மதுவே, அதில் 12 முதல் 14 சதவீதம் மதுசாரம். குடிக்காதவர் இதற்காகத் தொடங்க வேண்டியதில்லை. குடிப்பவருக்கு ஒரு சொல்: 750 மில்லி லீற்றர் போத்தல் ஒருவருக்குரியதல்ல, ஐந்து பேருக்கு ஒவ்வொரு குவளை. மீதியை மூடிக் குளிரில் வைத்தால் மூன்று நாள் கெடாது. இரண்டாவது குவளைக்குப் பின் நாக்கு மங்கிவிடும். அதன்பின் குடிப்பது சுவையின் கணக்கில் சேராது.

அன்று மாலை அந்தப் போத்தலைத் திறந்தோம். இளைஞரின் தாயார் நாற்பது ஆண்டுகள் கொழுந்து பறித்தவர். குவளையை வாங்கி முகர்ந்து பார்த்து, உதட்டை மட்டும் நனைத்துவிட்டு, "ஆறிப்போன பிளேன்டீ மாதிரியில்ல இருக்கு!" என்று தள்ளி வைத்தார். எல்லோரும் சிரித்தோம். ஆனால் நான் அரை மணி நேரம் விளக்கியதை அவர் ஒரு சொட்டில் சொல்லிவிட்டார்.

பிறகு மகன் போத்தலின் ஒட்டுச்சீட்டை வாசித்துக் காட்டினார். திராட்சை விளைந்த வட்டாரம், தோட்டத்தின் பெயர், அறுவடையான ஆண்டு எல்லாம் அதில் இருந்தன. கேட்டுக்கொண்டிருந்த தாயார், "நாம எடுக்கிற கொழுந்துக்கும் இப்படிப் பேரு போடுறாங்களா?" என்றார்.

சிலவற்றுக்குப் போடுகிறார்கள். ஆனால் பெருமளவு, 1883 முதல் நடந்துவரும் கொழும்பு ஏலத்தில் விலைபோய், பிற தோட்டங்களின், பிற நாடுகளின் தேயிலையோடு கலந்து ஏதோவொரு வணிகப் பெயரில் முகமிழந்துவிடுகிறது. ஹட்டன் அடங்கிய திம்புள்ளவின் தேயிலைக்கு ஜனவரி முதல் மார்ச் வரையான வறண்ட பருவத்தில் தனி மணம் உண்டு. ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை. வைனுக்கு ஆண்டு கேட்பவர் தேயிலைக்கு மாதம் கேட்பதில்லை. கேட்காத பண்டம் மலிவாகவே போகும்; அது மலிந்தால் அதைப் பறித்த கையும் மலியும். தொழிலாளரின் நாட்சம்பளம் 1,350 ரூபாவாக 2024 செப்டெம்பரில் உயர்ந்ததற்கும், அதை 1,750 ஆக்கும் யோசனை 2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் வந்ததற்கும் பின்னால் எத்தனை ஆண்டுப் போராட்டம் இருக்கிறது என்பதை வாசகர்கள் அறிவார்கள். பெயர் கேட்டு வாங்குவதால் மட்டும் சம்பளம் உயர்ந்துவிடாது. ஆனால் பெயரே இல்லாத பண்டத்துக்காக வாதாடுவது கடினம்.

ஆகவே வைனைச் சுவைக்கக் கற்றுக்கொள்கிற தம்பி தங்கைகளே, அந்தப் பழக்கத்தைப் போத்தலோடு நிறுத்திவிடாதீர்கள். ரொறன்ரோவிலோ இலண்டனிலோ அடுத்த முறை தேயிலை வாங்கும்போது, இது எந்தத் தோட்டம், எந்தப் பருவம் என்று கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமல் இருக்கலாம். இரண்டாவது ஆளும் மூன்றாவது ஆளும் கேட்டால் அவர் தெரிந்துவைத்துக்கொள்வார்.